முரசை அளந்த பிறகு பல்லைத் தொடுங்கள்

வெற்றிலை போடுகிற மன்னார்க் கரையோரத்தில் வாயிலிருந்து வரும் இரத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேசாலையிலோ வங்காலையிலோ விடத்தல்தீவிலோ, வலை இழுத்துக் களைத்தவர் ஒரு வாய் வெற்றிலை போட்டுத் துப்பினால் எல்லாமே சிவப்புத்தான். அதில் பாக்கின் சிவப்பு எவ்வளவு, முரசின் இரத்தம் எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பீடி பிடிப்பவருக்கு வேறொரு மறைப்பு உண்டு. நிக்கொட்டின் முரசிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே நோய் முற்றிக்கொண்டிருந்தாலும் பல் துலக்கும்போது இரத்தம் அதிகம் வராது. முரசு கொடுக்கும் முதல் எச்சரிக்கையை ஒருவருக்கு வெற்றிலை மறைக்கிறது, மற்றவருக்குப் புகை மறைக்கிறது. ஆகவே இவர்கள் பல் வைத்தியரைத் தேடிப் போவது கடைசி அறிகுறி தெரிந்த பிறகே. பல் ஆடத் தொடங்கியிருக்கும். நாற்காலியில் இருந்ததும் கேட்பதும் ஒன்றுதான்: "இதைப் புடுங்கிவிடுங்கோ டொக்டர்."

பல் பிடுங்கும் அந்தக் குறட்டுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய சிகிச்சை பற்களைச் சுத்தம் செய்வது. அதைப் பற்றி எங்களுக்குள் இருக்கும் தெளிவு மிகக் குறைவு. "கிளீன் பண்ணுறது" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயருக்குள் குறைந்தது நாலு வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் முடிவதும் உண்டு, விறைப்பு ஊசி போட்டு இரண்டு மூன்று தடவை வரச்சொல்லிச் செய்வதும் உண்டு. யாருக்கு எது தேவை என்பதைப் பல்லின் மஞ்சள் நிறத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. முரசுக்கும் பல்லுக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கும். அந்த ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உலகம் அறிந்துகொண்டது இலங்கையில்தான். அதுவும் தமிழ்த் தொழிலாளரின் வாய்களில் இருந்து.

480 வாய்கள்

முரசு நோய் எதனால் வருகிறது என்பது 1960கள் வரை தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. வயது போனால் முரசு கரையும், பல் விழும் என்றே பலர் நம்பினார்கள். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் வைத்திய ஆய்வாளர், டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில் இருந்தபோது ஒரு எளிய பரிசோதனை செய்தார். ஆரோக்கியமான முரசு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் ஒருவர் மிச்சமில்லாமல் அத்தனை பேருக்கும் முரசு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. இது வெளியானது 1965இல். பல்லின் மேல் படியும் மெல்லிய கிருமிப் படலமே முரசு அழற்சிக்குக் காரணம் என்பதில் அதன் பிறகு சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்த கேள்வி பெரியது. இந்தப் படலத்தை எவரும் எடுக்காமல் ஆயுள் முழுக்க விட்டால் என்ன நடக்கும்? ஒரு பக்கத்தில், சிறுவயதிலிருந்தே நல்ல பல் சிகிச்சை பெற்ற ஒஸ்லோ நகரத்து மாணவர்களும் கல்விமான்களுமான 565 பேரை 1969 முதல் கவனிக்கத் தொடங்கினார்கள். மறுபக்கத்துக்குப் பல் வைத்தியத்தின் நிழலே படாத ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. அது கிடைத்தது நுவரெலியா மாவட்டத்தில். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ ஆகிய இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 தமிழ் ஆண்கள், 14 வயதுப் பையன்கள் முதல் முப்பதைத் தொட்டவர்கள் வரை, 1970இல் முதன்முறையாக வாயைத் திறந்து காட்டினார்கள். உடல் ஆரோக்கியமானவர்கள். பற்களில் சூத்தை கிட்டத்தட்ட இல்லை. பற்தூரிகை வழக்கமும் இல்லை, எந்தப் பல் சிகிச்சையும் பெற்றதில்லை. எல்லோருடைய பற்களிலும் படலமும், அது இறுகிய காரையும், வெற்றிலைக் கறையும் தடித்திருந்தன.

இந்த மனிதர்களின் கதை மன்னாருக்கு அந்நியமானதல்ல. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் வந்தவர்கள் இந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் கொள்ளை நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற் சேவை தொடங்கிய பிறகு, மலையகம் போன தொழிலாளர்களில் பெருந்தொகையானோர் தலைமன்னார் இறங்குதுறையில்தான் இலங்கை மண்ணை மிதித்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிப் போனதும் அதே இறங்குதுறையால்தான். பல் ஆய்வு நடந்த 1970 முதல் 1985 வரையான காலம் முழுவதும், அந்த வெளியேற்றத்தினதும் 1977, 1983 வன்செயல்களினதும் காலம். ஆய்வின் கடைசிப் பரிசோதனைக்கு, முதலில் வந்த 480 பேரில் 161 பேரே மிஞ்சியிருந்தார்கள்.

முடிவுகள் 1986இல் வெளியாயின. இன்று உலகின் எந்தப் பல் வைத்தியக் கல்லூரியிலும் முரசு நோயைப் படிக்கும் மாணவர் இந்த ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. எல்லோருக்கும் முரசு அழற்சி இருந்தது, ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பல் போகவில்லை. 8 வீதமானோருக்கு நோய் பாய்ந்து சென்றது. அவர்களுக்கு 20 வயதளவிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் சராசரியாக 12 பற்களும் 40 வயதில் 20 பற்களும் போயிருந்தன. 45 வயதில் வாயில் ஒன்றும் இல்லை. 81 வீதமானோருக்கு மெதுவாக நகர்ந்தது. முப்பதுக்குப் பிறகு இழப்புத் தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. மிச்சம் 11 வீதமானோர் வாய் முழுக்கக் காரையோடும் ஒரு பல்லைக்கூட முரசு நோய்க்குக் கொடுக்கவில்லை.

"என்ர அப்பு ஒரு நாளும் பிரஷ் பிடிச்சதில்லை, எண்பது வயசிலயும் கரும்பு கடிச்சவர்" என்று எங்கள் ஊர்களில் சொல்வது பொய்யல்ல. அப்பு அந்த 11 வீதத்தைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும். பேரன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அளந்து பார்க்க வேண்டும், சில காலம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும்.

2010இல், நாற்பது வருடங்களுக்குப் பிறகு, பழைய 480 பேரில் 75 பேரை மீண்டும் பரிசோதித்தார்கள். நாற்பது ஆண்டுகளில் அவர்கள் முரசு நோய்க்கு இழந்த பற்கள் சராசரியாக 13. அந்த ஆய்வு ஒரு பயனுள்ள எண்ணையும் தந்தது. 30 வயதில் பல்லைப் பிடித்திருக்கும் தசைநார்ப் பிடிப்பு சராசரியாக 1.8 மில்லிமீற்றருக்குக் குறைவாக இழக்கப்பட்டிருந்தால், 60 வயதிலும் குறைந்தது 20 பற்கள் வாயில் இருக்கும் வாய்ப்பு அதிகம். புகைத்தலும் காரையும் நோயைத் தொடக்கிவைப்பதோடு தொடர்புபட்டிருந்தன. காரையும் படலமும் முரசு அழற்சியும் அதை முன்னே தள்ளின. முரசு நோயை முதியவர்களின் வருத்தம் என்று ஒதுக்குபவர்கள் இந்த முப்பது வயதுக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. அந்த ஆய்வின் நோக்கம் சிகிச்சை கொடுப்பதல்ல, சிகிச்சை இல்லாதபோது நோய் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது. அந்த அறிவின் பலனில் ஒஸ்லோவிலும் நியூயோர்க்கிலும் கோடிக்கணக்கான பற்கள் காப்பாற்றப்பட்டன. அதைத் தந்த மக்களின் உறவுகள், வன்செயல்களுக்குப் பின் வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் குடியேறியவர்கள் உட்பட, இன்றும் ஆடும் பல்லோடு வரிசையில் நின்று அதைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்த அறிவு அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய கடன்.

காரையும் கருவியும்

பல் துலக்கிச் சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் ஒட்டத் தொடங்கும். இந்தப் படலம் மெத்தென்றிருக்கும்வரை பற்தூரிகைக்கும் குச்சிக்கும் அசையும். எடுக்காமல் விட்ட படலத்தில், உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் படிந்து இறுகிவிடும். அதுதான் காரை. கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அது முதலில் தோன்றுவதற்குக் காரணம், உமிழ்நீர் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. தோணியின் அடிப்பலகையில் சிப்பி பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: முதலில் பாசி வழுக்கும், பிறகு அதன்மேல் ஓடு பிடிக்கும், ஓடு பிடித்த சொரசொரப்பில் இன்னும் பாசி ஏறும், கடைசியில் உளி இல்லாமல் அது வராது. உமிக்கரியோ செங்கல் தூளோ காரையைக் கரைக்காது. பல்லின் கழுத்தைத்தான் தேய்க்கும்.

காரை முரசுக்கு மேலே இருக்கும்வரை பிரச்சினை சிறியது. படலம் முரசின் விளிம்புக்குக் கீழே இறங்கும்போது உடல் அதை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பின் வேகத்தில், பல்லைத் தாங்கும் தசைநாரும் தாடை எலும்பும் பின்வாங்குகின்றன. பல்லுக்கும் முரசுக்கும் இடையே ஒரு பை உருவாகிறது. ஆரோக்கியமான முரசில் அந்த இடுக்கின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர். 4, 5 என்றால் எச்சரிக்கை. 6ஐத் தாண்டினால் பற்தூரிகையோ நூலோ எட்டாத கிடங்கு. அங்கே வலி இருக்காது, இதுதான் இந்த நோயின் கொடுமை. சூத்தைப் பல் இராத்திரியில் ஆளை எழுப்பும். முரசு நோய் இருபது வருடம் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

ஆழத்தை அளப்பதற்கு ஒரு மெல்லிய கருவி இருக்கிறது. நுனியில் அரை மில்லிமீற்றர் உருண்டையும் தண்டில் கறுப்புக் கோடுகளும் கொண்டது, உலக சுகாதார நிறுவனம் வடிவமைத்தது. முழுமையாக அளக்கும்போது ஒவ்வொரு பல்லையும் ஆறு இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். விரைவாகப் பார்க்க வேண்டுமென்றால் வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு மோசமான எண்ணைக் குறித்தாலே போதும், ஓரிரு நிமிட வேலை. விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். இந்த அளவை இல்லாமல் செய்யப்படும் எந்தச் சுத்தமும் குருட்டுச் சுத்தம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அளவை முடிந்த பிறகு பாதை பிரிகிறது. எல்லா இடமும் 3 மில்லிமீற்றருக்குள், காரையும் முரசுக்கு மேலே மட்டும் என்றால் முதல் வகையான சாதாரணச் சுத்தம் போதும். காரையை எடுக்கும் ஸ்கேலிங் இயந்திரத்தின் நுனி ஒரு விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும். அந்த அதிர்வில் காரை உடையும், கூடவே பாயும் தண்ணீர் சூட்டைத் தணித்துத் துகள்களைக் கழுவும். பிறகு றப்பர் கிண்ணத்தில் பசை வைத்துப் பல்லை மினுக்குவார்கள். மினுக்குவது கறையைப் போக்கும், பார்க்க அழகு, அதற்கு மேல் மருத்துவப் பயன் பெரிதாக இல்லை.

வருடக்கணக்கில் வெற்றிலை போட்டு, பற்களுக்கு இடையிலான இடுக்கே தெரியாமல் காரை மூடிய வாய்கள் உண்டு. அங்கே அளவுக்கோலை நுழைக்கவே இடமிருக்காது. வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பும் இந்தக் காரையைத் தடிக்கச் செய்கிறது. இவர்களுக்கு இரண்டாவது வகை: முதல் நாள் பெருங்காரையை மட்டும் உடைத்து எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து வீக்கம் குறைந்த பின் அளப்பார்கள். முதல் நாளோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஆள் வராமல் விடுவது இங்கேதான். உண்மையில் சிகிச்சை இரண்டாம் நாளில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது வகைதான் பல்லைக் காப்பாற்றுவது. ஆழ்ந்த சுத்தம், வேர்ச் சுத்தம் என்றெல்லாம் சொல்கிறார்கள். 4 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் உள்ள பைகளுக்குள், முரசுக்குக் கீழே, வேரின் மேற்பரப்பில் ஒட்டிய படலத்தையும் காரையையும் எடுக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத இடம். வைத்தியர் விரல் உணர்வை நம்பியே வேலை செய்கிறார். மெல்லிய அதிர்வு நுனிகளோடு, ஒவ்வொரு பல்லின் வளைவுக்கும் ஏற்றபடி வளைந்த கைக்கருவிகளையும் பயன்படுத்துவார். விறைப்பு ஊசி போட்டு, வாயின் ஒரு கால் பகுதியை அல்லது ஒரு பாதியை ஒரு தடவையில் செய்வார்கள். அவசரப்பட்டால் பாதிக் காரை உள்ளே தங்கிவிடும். ஆகவே பத்து நிமிடத்தில் முழு வாய்க்கும் ஆழ்ந்த சுத்தம் செய்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கத்தி வைக்காமல் இது எவ்வளவு பலன் தரும்? உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஆறு முதல் எட்டு மாதங்களில் ஆழமான பைகளில் நாலில் மூன்று பங்கு மூடிக்கொண்டன. நோயின் காரணத்தை எடுத்துவிட்டால் முரசு தானே பல்லைப் பற்றிக்கொள்கிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது, ஆனால் மேலும் கரைவது நிற்கும். அதன் பிறகும் மூடாத ஆழ்பைகளுக்கே முரசை விலக்கிச் செய்யும் சத்திரசிகிச்சை.

நாலாவது, பராமரிப்புச் சுத்தம். ஆழ்ந்த சுத்தம் செய்துகொண்டவர் பழைய ஆறு மாத, ஒரு வருடக் கணக்குக்குத் திரும்பிவிடக் கூடாது. கழுவி எடுத்த கிருமிகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பைக்குள் மறுபடி குடியேறும். அதனால் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, ஆழமான இடங்களை மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பெர் அக்செல்சனும் யான் லிண்டேயும் 1972இல் தொடங்கிய ஆய்வில், இப்படி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு, தாங்களே எப்படித் துலக்குவது என்று திரும்பத் திரும்பப் பழக்கப்பட்டவர்கள், 30 ஆண்டுகளில் சராசரியாக இரண்டு பல்லுக்கும் குறைவாகவே இழந்தார்கள். பூண்டுலோயாத் தோட்டத்து 13 பற்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விடயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முரசு நல்ல நிலையில் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் அவசியம் என்று சொல்லப்படுவதற்கு வலுவான சான்று இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2018இல் 1711 பேரின் தரவுகளைப் பார்த்தபோது, கடுமையான முரசு நோய் இல்லாதவர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தவர்களுக்கும், வருடத்துக்கு ஒருமுறை செய்தவர்களுக்கும், செய்யாதவர்களுக்கும் இரண்டு மூன்று வருடங்களில் முரசின் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. வசதி குறைந்த மாவட்டம் ஒன்றுக்கு இது நல்ல செய்தி என்றே நான் கருதுகிறேன். இருக்கிற நாற்காலி நேரத்தை, நல்ல முரசுகளை மினுக்குவதில் செலவழிக்காமல் 5, 6 மில்லிமீற்றர் பைகளுக்குத் திருப்பலாம்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும்"

மன்னாரில் மட்டுமல்ல, தமிழர் வாழும் எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு இது. பயத்துக்கு ஒரு கண்கண்ட காரணம் இருப்பதால் சிரித்துத் தள்ளிவிட முடியாது. எலும்பு கரைந்த இடத்தைக் காரை நிரப்பி, ஆடும் பற்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் தெரியவருகிறது. வீங்கிய முரசு வடிந்ததும் பற்களுக்கிடையில் கறுப்பு முக்கோண இடைவெளிகள் தெரியும். வேர் வெளிப்படுவதால் குளிர்தண்ணீர் சில வாரம் கூசும். இவை எல்லாவற்றையும் செய்தது நோய். சுத்தம் செய்தது அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததுதான். இதைத் தொடங்குவதற்கு முன்னரே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் ஒருவர் ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரைப் பயப்படுத்துவார், அந்தப் பத்துப் பேரும் பல் ஆடும்வரை வரமாட்டார்கள்.

மருந்துக்கடையில் இரண்டு நாளைக்கு அன்ரிபயோட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இதைவிடத் தீங்கானது. வீக்கம் வடியும், காரை உள்ளேயே இருக்கும், நோய் தொடரும். வாய் கொப்பளிக்கும் மருந்தும் ஆழமான பைக்குள் போய்ச் சேராது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் வேகமாகும். முரசில் நிரந்தர அழற்சி இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். 35 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, ஆழ்ந்த முரசுச் சிகிச்சைக்கு மூன்று நாலு மாதங்களுக்குப் பின், சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. எண் 0.43 வீதப் புள்ளி இறங்கியதைக் காட்டியது. சீனிக் குளிசை ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்ட வரக்கூடிய இறக்கம் இது. சீனிக் கிளினிக்குக்கு மாதாமாதம் வருபவர்களின் காலைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கச் சொல்கிறோம். அதே அட்டையில் முரசின் அளவையும் ஒரு வரியில் எழுதினால் என்ன?

கர்ப்பிணிகளுக்கு ஹோர்மோன் மாற்றத்தால் முரசு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுவதாகச் சொல்லி அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி எதுவும் நடப்பதில்லை. கர்ப்ப காலத்தில் ஸ்கேலிங் பாதுகாப்பானது, நடு மூன்று மாதங்கள் தாய்க்கு மிக வசதியானவை. இலங்கையில் கர்ப்பிணிகளைப் பல் பரிசோதனைக்கு அனுப்பும் நடைமுறை இருக்கிறது. குடும்பநல மாது சொல்லும்போது தட்டிக்கழிக்காமல் போங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும், செயற்கை இருதய வால்வு உள்ளவர்களும் நாற்காலியில் இருப்பதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சுத்தம் செய்யப் போவதில் இன்னொரு பலனும் இருக்கிறது, அதற்காக மட்டுமே போகலாம். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டுக்கும் புற்றுநோயை உண்டாக்கும் தன்மை உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கூறியது. பாக்கே குற்றவாளி. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், முன்போல வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமை: காரையை எடுக்கும் வைத்தியர் இவற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. பீடா, பாபுல் போன்ற பாக்குக் கலவைகளை மெல்லத் தொடங்கிய இளைஞர்களுக்கு இது நாற்பது வயதில் வரும் விடயம் என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

மாவட்டத்தில் செய்யக்கூடியது

அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் பார்க்கிறார்கள். அந்த வயதைத் தாண்டிய பிள்ளைகள் அவர்களின் பொறுப்பில் இல்லை. தோட்டத்து ஆய்வில் நோய் பாய்ந்த 8 வீதமானோருக்குப் பல் விழத் தொடங்கியது 20 வயதளவில். 13க்கும் 20க்கும் நடுவே, உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை ஒரு தடவை அளந்து பார்த்தாலே அந்த ஆட்களில் பலரை அடையாளம் காணத் தொடங்கலாம். முருங்கனிலும் பேசாலையிலும் சிலாவத்துறையிலும் ஒரு பாடசாலை மண்டபமும், கிருமி நீக்கிய அளவுக்கோல்களும், எழுதிக்கொள்ள ஒருவரும் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கடினமானதல்ல. மென்மையான பற்தூரிகை, புளோரைட்டுப் பற்பசை, நாளுக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நிமிடம். தூரிகையின் நார்கள் முரசின் விளிம்பில் சரிந்து படும்படி பிடித்துச் சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும், விறகு அறுப்பதுபோல் இழுக்கக் கூடாது. பல்லிடுக்கு அகன்றவர்களுக்கு நூலைவிட, மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு இடுக்குத் தூரிகை நன்றாக வேலை செய்யும். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் மிஸ்வாக் பிடிக்கும் வாப்பாக்கள் அதை விட வேண்டியதில்லை. ஒழுங்காகப் பிடித்தால் அது படலத்தை எடுக்கும், பற்களின் உட்பக்கத்தையும் மறக்காமல் தொட வேண்டும். துலக்கும்போது இரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தவிர்க்காமல் இன்னும் கவனமாகத் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் அளக்கப் போங்கள்.

போகும்போது கேட்பதற்கு மூன்று கேள்விகள் போதும். என் வாயில் மிக ஆழமான இடம் எத்தனை மில்லிமீற்றர்? எனக்குச் செய்யப்போவது முரசுக்கு மேலேயா, கீழேயும் சேர்த்தா? மறுபடி எப்போது அளப்பீர்கள்? பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொன்னால், ஆழ்ந்த சுத்தத்துக்குப் பிறகும் அதே முடிவுதானா என்றும் கேளுங்கள். ஆடும் பல் எல்லாம் சாகும் பல் அல்ல. சில பற்கள் உண்மையிலேயே பிடுங்கப்பட வேண்டியவை, அதையும் எண்ணைக் காட்டி விளக்கும் வைத்தியரிடம் நம்பிக்கையோடு வாயைத் திறக்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற பராமரிப்புக் கணக்கு, அதிகாலையில் கடலுக்குப் போகிறவருக்கு ஒத்துவராது என்று சொல்வார்கள். தவணையைத் திகதியாகக் கொடுத்தால் ஒத்துவராதுதான். வாடைக் காற்றில் பாக்கு நீரிணைப் பக்கம் குமுறும், சோளகத்தில் வளைகுடாப் பக்கம் குமுறும். தொழில் படுக்கும் அந்த நாட்களும், இரண்டு காற்றும் மாறும் இடைக்காலமும் சேர்ந்தால் தவணைகளுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. பேசாலைக்காரருக்கு வாடையிலும் வங்காலைக்காரருக்குச் சோளகத்திலும் நம்பர் ஒதுக்கி, அந்த வாரங்களில் மாலை நேரத்திலும் கிளினிக்கைத் திறந்து வைக்கலாம். இதற்கான திட்டத்தை மாவட்டச் சுகாதாரப் பணிமனையே தொடங்கி வைக்கலாம்.